ரொறன்ரோவில் பதின்மூன்றாம் வகுப்பு ஆங்கிலம்

இங்கிலாந்தில் ஆறாம் படிவம் என்றும் இலங்கையில் உயர்தர வகுப்பு என்றும் வழங்கும் படிப்புக்கு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1921 முதல் பதின்மூன்றாம் வகுப்பு என்று பெயர் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்த பின், பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோர் மேலும் ஓராண்டு பள்ளியிலேயே இருந்து படித்தார்கள். அதே 1921 இல்தான் மாகாணத்தின் பொது உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. பதினாறு வயதுவரை பள்ளிக்குப் போவதும் கட்டாயமானது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கடைசி வகுப்புவரை ஏறிப்போக ஒரு வழி பிறந்தது.

அந்த வழியின் நடுவே நின்ற பாடம் ஆங்கிலம். ரொறன்ரோவின் பழைய பள்ளிகள் லத்தீனையும் கிரேக்கத்தையும் கல்வியின் உச்சமாகக் கொண்டவை. அவற்றுள் ஒன்றான ஜார்விஸ் கொலிஜியேட்டின் வேர் 1807 இல் தொடங்கிய இலக்கணப் பள்ளியில் இருக்கிறது. அந்த மரபுக்குள் ஆங்கில இலக்கியத்துக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களில் முக்கியமானவர், 1889 இல் ரொறன்ரோ யூனிவர்சிட்டி கொலிஜில் பேராசிரியராகச் சேர்ந்த வில்லியம் ஜான் அலெக்சாண்டர். பள்ளிகளுக்காக அவர் தொகுத்த கவிதை நூல்கள் ஒரு தலைமுறையின் வாசிப்பை வகுத்தன.

பதின்மூன்றாம் வகுப்பின் முடிவில் மாகாணக் கல்வித் திணைக்களம் நடத்திய பொதுப் பரீட்சை இருந்தது. மாணவர் வழக்கமாக ஒன்பது வினாத்தாள்களை எழுதினர். ஆங்கிலத்துக்கு மட்டும் இரண்டு: ஒன்று கட்டுரை, மற்றது இலக்கியம். மாகாணத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து விடைத்தாள்கள் ரொறன்ரோவுக்கு வந்து சேரும்; கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூடியிருந்து அவற்றைத் திருத்துவார்கள். எழுதியவர் யார், எந்தப் பள்ளி என்பது திருத்துபவருக்குத் தெரியாது. அந்த முறையின் நேர்மை அது. அதன் குறையும் பெரியதுதான்: திணைக்களம் எதைக் கேட்குமோ அதையே ஆசிரியர் கற்பித்தார், அதையே மாணவர் மனனம் செய்தார். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பொதுப் பரீட்சை எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1960களில் இதற்கு எதிர்ப்பு வலுத்தது. 1962 இல் ரொறன்ரோ கல்விச் சபையும் ரொறன்ரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த குழுவின் அறிக்கைகளை, அங்கே பேராசிரியராக இருந்த நோர்த்ரொப் ஃபிரை தொகுத்து வெளியிட்டார். இலக்கியம் தனித்தனிப் பாடல்களின் குவியல் அன்று, அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கைச் சிறு வகுப்பிலிருந்தே படிப்படியாகக் கற்பிக்கலாம் என்பது ஃபிரையின் கொள்கை. அதே ஆண்டு கனடாவின் சிபிசி வானொலியில் ஆற்றிய ஆறு உரைகளிலும் அவர் கற்பனையின் பயிற்சியையே பேசினார். பதின்மூன்றாம் வகுப்பை ஆராய்ந்த அரசுக் குழு 1964 இல் அறிக்கை தந்தது. கடைசித் திணைக்களப் பரீட்சை 1967 இல் நடந்தது. அதன்பின் புள்ளி வழங்கும் பொறுப்பு வகுப்பாசிரியரிடம் வந்தது.

பரீட்சை போனதும் எதைப் படிப்பது என்ற கேள்வி எழுந்தது. ஷேக்ஸ்பியரும் ஆங்கிலேயக் கவிஞர்களும் நிறைந்திருந்த பட்டியலுக்குள் கனடிய எழுத்தாளர்கள் மெல்ல நுழைந்தார்கள். ரொறன்ரோப் பதிப்பகமான மக்லெலண்ட் அண்ட் ஸ்டூவர்ட் 1958 இல் தொடங்கிய 'நியூ கனேடியன் லைப்ரரி' என்ற மலிவுப் பதிப்பு வரிசை அதற்குக் கைகொடுத்தது. ஆனாலும் ஆசிரியர் தெரிவுசெய்த நூலைப் பெற்றோர் ஏற்க வேண்டுமே. மார்கரெட் லாரன்ஸ் எழுதி 1974 இல் ஆளுநர் நாயகம் விருது பெற்ற 'தி டிவைனர்ஸ்' நாவலைப் பதின்மூன்றாம் வகுப்பிலிருந்து நீக்கக் கோரி, 1976 இல் பீற்றர்பரோப் பகுதியில் பெரும் சர்ச்சை எழுந்தது. அவர் வாழ்ந்த ஊரான லேக்ஃபீல்ட் அந்தப் பகுதியில்தான் இருந்தது.

1984 இல் பதின்மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போய், ஓ.ஏ.சி. (ஒன்ராறியோ அகடமிக் கிரெடிட்) என்ற பெயர் வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு ஆறு ஓ.ஏ.சி. பாடங்கள் தேவைப்பட்டன, அவற்றுள் ஆங்கிலத்தை அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களும் கேட்டன. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் ரொறன்ரோவுக்குப் பெருமளவில் வந்து சேரத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

அப்படி வந்த மாணவர்களின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. முன்பு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் நிறுவிய செமினரியில் உயர்கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் இலங்கையில் தாய்மொழிக் கல்வி பரவியதால், 1980களில் வந்த பிள்ளைகள் கணிதத்தையும் பௌதிகத்தையும் தமிழிலேயே கற்றிருந்தார்கள். ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடம் மட்டுமே. ரொறன்ரோவின் சென்ற் ஜேம்ஸ் ரவுனிலும் ஸ்காபரோவிலும் குடியேறிய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு நுண்கணிதம் கைவந்தது. ஒரு நாடகத்தைப் படித்துத் தன் கருத்தை வைத்து, மூலத்திலிருந்தே சான்று காட்டி நிறுவும் ஆங்கிலக் கட்டுரை கைவர நாளாயிற்று. அது அறிவுக் குறைவன்று, அவகாசக் குறைவு. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கும் ஈ.எஸ்.எல். வகுப்பில் தொடங்கி ஓ.ஏ.சி. ஆங்கிலம்வரை ஏறிப்போக, உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு பேருதவியாக இருந்தது. அந்த ஆண்டை வீண் செலவு என்று கணக்கிட்டவர்கள் இந்தப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

கல்வி பற்றிய ராஜரீக ஆணைக்குழு 1990களின் நடுவில் நான்காண்டு உயர்நிலைப் படிப்பைப் பரிந்துரைத்தது. 1999 இல் அது நடைமுறைக்கு வந்தது. 2003 இல் ஓ.ஏ.சி. முடித்தவர்களும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் ஒரே சமயத்தில் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்து நெருக்கடிப்பட்டார்கள். அத்துடன் 82 ஆண்டுகள் நிலைத்த ஐந்தாம் ஆண்டு முடிந்தது. டிப்ளோமாவுக்கான கட்டாய ஆங்கிலக் கிரெடிட்டுகள் ஐந்திலிருந்து நான்காயின. புதிதாக, பத்தாம் வகுப்பில் மாகாணம் முழுவதற்குமான எழுத்தறிவுப் பரீட்சை வந்தது. அதில் தேறாதவர் அதற்கீடான ஒரு பாடத்தை எடுக்கலாம்.

ஓ.ஏ.சி. ஆங்கிலத்தின் இடத்தில் இன்று இருப்பது ஈ.என்.ஜி.4யூ என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். வாய்மொழி, வாசிப்பும் இலக்கியமும், எழுத்து, ஊடகம் என்று நான்கு பகுதிகளாக 2007 இல் அது திருத்தப்பட்டது. புள்ளியில் 70 விழுக்காடு தவணை வேலைக்கும் 30 விழுக்காடு இறுதி மதிப்பீட்டுக்கும் உரியவை. படைப்பெழுத்தில் நாட்டமுள்ளோர் எழுத்துக்கலை என்ற தனிப்பாடத்தையும் எடுக்கிறார்கள். 2023 இல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தின் இடத்தில் கனடாவின் பூர்வகுடி எழுத்தாளர்களின் நூல்களைப் படிக்கும் பாடத்தைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது.

தாமதமாக வரும் மாணவருக்கு ஈ.எஸ்.எல். கிரெடிட்டுகளில் மூன்றுவரை, கட்டாயமான நான்கு ஆங்கிலக் கிரெடிட்டுகளுக்குள் சேரும். நான்காவது மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாகவே இருக்க வேண்டும். தமிழும் கிரெடிட் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அந்த நான்காவது கிரெடிட்டுக்கு அது ஈடாகாது. இருபத்தொரு வயதுவரை உயர்நிலைப் பள்ளியில் படிக்கலாம். அதையும் கடந்தவர்கள் வளர்ந்தோர் பள்ளிகளில் அதே ஈ.என்.ஜி.4யூ வகுப்பில் சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.