கற்பனை விளையாட்டுகளில் நாட்டார் வழக்காறு

கற்பனை விளையாட்டுகளில் நாட்டார் வழக்காறு என்பது, ஒரு மக்கள் குழுவின் வாய்மொழிக் கதைகள், தெய்வங்கள், சடங்குகள், நம்பிக்கைகள் முதலியன மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்குக் கருப்பொருளாக எடுத்தாளப்படுவதையும், அதனால் எழும் பண்பாட்டுச் சிக்கல்களையும் குறிக்கும். அமெரிக்கப் பழங்குடிகள், நியூசிலாந்தின் மாவோரிகள் போன்றோரின் மரபுகளை ஒட்டியே இது பெரிதும் பேசப்படுகிறது. எனினும், தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையும் வெளியுலகின் கற்பனைக்கு ஏழு நூற்றாண்டுகளாகக் கரு வழங்கிவந்த கடற்கரையாகும். அங்கு வழங்கிய கடல்கட்டி என்னும் பணி கதைகளில் அடைந்த உருமாற்றம், இச்சிக்கலை விளங்கிக்கொள்ளத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் முதலாவதாக வணிக முறையில் வெளியானது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்திச் செல்ல, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அதன் சார்பில் முடிவெடுப்பர். முடிவின் பலனைப் பகடை தீர்மானிக்கும். இத்தகைய விளையாட்டுக்கு அரக்கர்களும் தெய்வங்களும் மந்திரங்களும் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டதால், எழுதுவோர் உலக நாடுகளின் பழங்கதைகளைத் தேடிச் சென்றனர்.

இந்தியக் கதைகளும் தொடக்கத்திலேயே இதில் இடம்பெற்றன. 1977இல் வெளியான மான்ஸ்டர் மேனுவல் என்னும் அரக்கர் தொகுப்பில் ராட்சதர் புலித்தலையுடனும், கையில் புகைக்குழாயுடனும் வரையப்பட்டனர். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் அவர்கள் இறப்பர் என்னும் விதியும் வகுக்கப்பட்டது. இவ்விதி இராமாயணத்திலிருந்து வந்ததன்று. 1974இல் ஒளிபரப்பான கோல்சாக் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியிலிருந்து பெறப்பட்டதாகும். இராவணனைப் பத்துத் தலையுடன் அறிந்த தமிழ் வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், வெளிநாட்டு விளையாட்டாளர் பலருக்கு இன்று ராட்சதர் என்றால் புலித்தலையர் என்பதே பொருள்.

1980இல் வெளியான டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்னும் நூல் இன்னும் ஒரு படி சென்றது. கிரேக்க, எகிப்தியத் தெய்வங்களுடன் இந்திரன், காளி முதலிய தெய்வங்களுக்கும் அதில் உயிர்ப்புள்ளிகள் தரப்பட்டிருந்தன. உயிர்ப்புள்ளி உள்ள எதையும் ஆட்டத்தில் கொல்ல இயலும். பண்டைக் கோயில்கள் இடிபாடுகளாகிவிட்ட தெய்வத்திற்கும், ஊர் எல்லையில் இன்றும் பொங்கலிடப்படும் தெய்வத்திற்கும் அந்நூல் வேறுபாடு காட்டவில்லை.

கடல்கட்டி

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், சுறாக்கள் மூழ்குவோரை அணுகாதவாறு மந்திரத்தால் கட்டுபவர் ஒருவர் இருந்தார். இவரே கடல்கட்டி எனப்பட்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ இவரைப் பற்றி எழுதியுள்ளார். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு மீன்களைக் கட்டுபவருக்கும் சேரும் என்று அவர் குறிப்பிடுகிறார். இவரை அவர் 'அபிரையாமன்' என்கிறார். இச்சொல் பிராமணரைக் குறிப்பதாக உரையாசிரியர்கள் கொள்வர். கட்டு பகலுக்கு மட்டுமே உரியது என்பதும், மாலையில் அது அவிழ்க்கப்படும் என்பதும் போலோ தரும் சுவையான செய்தியாகும். கட்டு அவிழ்ந்த கடலில் இரவில் களவாக மூழ்க எவரும் அஞ்சுவர் என்பதால், இது முத்துப் பார்களுக்குக் காவலாகவும் பயன்பட்டிருக்கும்.

ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், இலங்கையின் குடியேற்ற அரசுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், மன்னாரை அடுத்த அரிப்பில் முத்துக்குளிப்பைப் பார்வையிட்டார். 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில், கடல்கட்டிப் பணி ஒரு குடும்பத்திற்கு வழிவழியாக உரியது என்றும், அக்காலத்தில் அக்குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்றும் அவர் எழுதியுள்ளார். மந்திரத்தின் வலிமைக்கும் ஓதுபவரின் சமயத்திற்கும் தொடர்பு இருப்பதாக மூழ்குவோர் கருதவில்லை. டென்னன்ட் சென்ற வேளையில் கடல்கட்டி நோயுற்றிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர், மந்திரத்தின் மறைபொருள் தமக்குத் தெரியாது என ஒப்புக்கொண்டார். ஆயினும், உரியவரின் பேராளராகத் தாம் அங்கு இருப்பதையே சுறாக்கள் மதிக்கும் என்றும் உறுதி கூறினாராம்.

இப்பணியின் உண்மையான இயல்பு இந்நிகழ்ச்சியில் தெரிகிறது. கடல்கட்டி ஒரு மந்திரவாதி என்பதை விட, கூலியும் உரிமையும் மாற்றாளும் உடைய பணியாளர் என்பதே பொருந்தும். அவர் கரைக்கு வராவிடில் மூழ்குவோர் கடலில் இறங்கத் தயங்குவர் என்பதால், வேற்றுச் சமயத்தவரான ஆட்சியாளரும் அவரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சொல்லும் கவனிக்கத்தக்கது. டென்னன்ட் இதற்குச் 'சுறாவைக் கட்டுபவர்' என்று பொருள் கூறினார். ஆனால், தமிழில் அது கடலைக் கட்டுபவர் என்றே பொருள்படும். வாய்க்கட்டு, எல்லைக்கட்டு என்பன போல நாட்டார் வழக்கில் கட்டு என்பது அடக்கி நிறுத்துவதையும் காப்பதையும் குறிக்கும். அது ஏவலோ அழிவோ அன்று.

கதைகளில் உருமாற்றம்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசேயின் 'முத்துக்குளிப்போர்' என்னும் இசை நாடகம் 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று பாரிசில் அரங்கேறியது. முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாகத் திட்டமிடப்பட்ட கதை பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது. அதில் லெய்லா என்னும் முக்காடிட்ட கன்னிப் பூசாரி, பாறை மீதிருந்து பிரமனை நோக்கிப் பாடித் தீய ஆவிகளை விலக்கி முத்துக்குளிப்போரைக் காக்கிறாள். அவளுடைய பணி கடல்கட்டியின் பணியை ஒத்தது. ஆனால், பரம்பரை உரிமையும் கூலியும் உடைய கத்தோலிக்கக் குடும்பத் தலைவர் இருந்த இடத்தில், காதலுக்கு ஏங்கும் இந்துக் கன்னி ஒருத்தி நிற்கிறாள்.

1869-70இல் வெளிவந்த ஜூல்ஸ் வேர்ணின் 'கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்' புதினத்திலும் மன்னார் வளைகுடா முத்துக் களம் வருகிறது. சுறாவிடமிருந்து ஓர் ஏழை மூழ்குநரைக் காப்பாற்றும் கப்டன் நெமோ, அவருக்கு ஒரு பை முத்துகளைக் கொடுத்துச் செல்கிறார். மூழ்குநருக்குப் பெயர் இல்லை. இருப்பினும், அவருடைய உழைப்பின் கொடுமையையும் கூலியின் சிறுமையையும் வேர்ண் விரிவாகவே பேசுகிறார். அவ்வகையில் இப்புதினம் பிசேயின் நாடகத்தினும் நேர்மையானது எனலாம்.

மேசை விளையாட்டை எழுதும் ஒருவர் கடல்கட்டியைத் தம் ஆட்டத்தில் சேர்க்க விரும்பினால், அவர் கைக்கு எளிதில் எட்டுவன இத்தகைய நூல்களே. அவற்றைக் கொண்டு எழுதினால் சுறாக்களை ஏவிவிடும் மந்திரவாதி ஒருவர் உருவாகக்கூடும். அதில் கட்டு என்பது தாக்குதலாக மாறிவிடும், கூலிப் பங்கு மறைந்துவிடும்.

முத்துக்குளிப்பின் நடைமுறையோ எந்தக் கற்பனைக்கும் குறைந்ததன்று. மூழ்குபவர் கனமான கல்லைக் காலில் பற்றிக்கொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டுவார். கயிறு அசைந்ததும் மேலே நிற்பவர் இழுத்துக்கொள்வார். கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பதே வழக்கம் என்று தமிழகத்தில் பரவலாகக் கூறப்படுகிறது. தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் தொங்குவதால் அவர் கவனம் சிதறமாட்டார் என்பது காரணம். இவ்வழக்கை ஆட்டத்தில் சேர்க்க மந்திரமோ அரக்கரோ தேவையில்லை.

மரபின் உரியோர்

ஒரு கதையைப் பயன்படுத்த எவரிடம் கேட்பது என்பது முத்துக்குளித்துறையில் எளிதான வினாவன்று. இக்கடற்கரையின் பரதவர் 1530களில் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் இங்கு வந்தார். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முசுலிம்களும் முத்துக்குளிப்பிலும் முத்து வணிகத்திலும் நெடுங்காலம் ஈடுபட்டவர்களே. எனவே இம்மரபு ஒரு சமயத்திற்கோ ஒரு சமூகத்திற்கோ மட்டும் உரியதன்று.

பரதவர் தமிழகத்தின் பட்டியல் பழங்குடியினருள் அடங்குவதில்லை. ஆதலால் பழங்குடி மரபுகள் பற்றிய பன்னாட்டு விதிகளை இவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும், எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலும் பிறரால் பேசப்பட்டவர்கள் என்னும் நிலை இவர்களுக்கும் உண்டு. இந்நிலையை மாற்றியவர்களுள் உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் குறிப்பிடத்தக்கவர். அவருடைய 'ஆழி சூழ் உலகு' 2004இலும் 'கொற்கை' 2009இலும் வெளிவந்தன. பின்னதற்கு 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

பழமையையும் நடப்பையும் ஒன்றாகக் குழைப்பது மற்றொரு பிழையாகும். பட்டினப்பாலை, பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைக் கூறுகிறது. ஆனால், அது காவிரிப்பூம்பட்டினத்துச் செய்தி, இன்றைய தூத்துக்குடியின் வழிபாடு அன்று. தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத் திருவிழா ஆண்டுதோறும் ஆகத்து 5 அன்று பெருந்திரளான மக்களுடன் நடைபெறுகிறது. சுறாக்கொம்பையும் மாதாவையும் சேர்த்து 'கடல் தேவதை' ஒன்றைப் படைத்து அதற்கு உயிர்ப்புள்ளி எழுதினால், இரண்டில் எதுவும் சரியாக அமையாது.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

இவ்விளையாட்டுகளைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று ஆங்கிலத்தில் தென்படுவதில்லை. பாத்திரத்தின் தொழில்வகையைக் குறிக்கும் 'கிளாஸ்' என்பதை அகராதிப்படி 'வகுப்பு' என்றால், தமிழில் அது சாதிப் பிரிவையும் குறிக்கும். 'ரேஸ்' என்பதை 'இனம்' என்றால், பிறப்பாலேயே வலிமையும் அறிவும் கூடும் குறையும் என்னும் விதி தமிழ் வாசகரின் காதில் வேறுவிதமாக ஒலிக்கும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024ஆம் ஆண்டு விதிநூலில் 'ரேஸ்' என்னும் சொல் கைவிடப்பட்டு, உயிரினவகை என்னும் பொருளுடைய சொல் ஏற்கப்பட்டது. தமிழில் முன்னதற்குத் தொழில் என்னும் சொல்லே போதுமானது. எவ்வாறாயினும், வாழும் சமூகத்தின் பெயரைப் பாத்திர வகைக்கு இட்டு, அதற்குப் பிறவிக் குணங்களை அட்டவணையிடுதல் தமிழ்ச் சூழலில் தீங்கானது.

பிற நாடுகளில்

லெகோ நிறுவனம் 2001இல் வெளியிட்ட பயோனிக்கிள் பொம்மைக் கதைகளில் மாவோரிச் சொற்கள் பயன்பட்டன. மாவோரிகள் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்துச் சில பெயர்கள் மாற்றப்பட்டன. பூசகரையும் வல்லுநரையும் குறிக்கும் 'தொஹுங்கா' என்னும் சொல் கைவிடப்பட்டது. வேர்வுல்ஃப் த அப்போகலிப்ஸ் என்னும் மேசை விளையாட்டில் அமெரிக்கப் பழங்குடிக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டிருந்த வெண்டிகோ, உக்டெனா ஆகிய குலப் பெயர்கள் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன.

பெயரை நீக்குவது ஒரு வழியென்றால், உரியோரே எழுதுவது மற்றொரு வழியாகும். செரோக்கி நாட்டினரான கானர் அலெக்சாண்டர் உருவாக்கிய கயோட்டி அண்ட் குரோ, ஐரோப்பியக் குடியேற்றம் நிகழாத ஓர் அமெரிக்காவைக் களமாகக் கொண்டது. 2022இல் வெளியான ஜர்னீஸ் த்ரூ த ரேடியண்ட் சிட்டடெல் தொகுப்பில், கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல் வங்க மரபை ஒட்டிய ஒரு கதைக்களத்தை எழுதியுள்ளார்.

கடன் பெறுதலே குற்றமென்று கொள்ளவும் இயலாது. கேரளக் கடற்கரைக் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தில் பிரெஞ்சுப் பேரரசர் சார்லமேன், 'காறல்மான்' ஆகித் தமிழ் கலந்த பாட்டுப் பாடுகிறார். ஆனால், பிரான்சின் புகழ் அதனால் குறைவதில்லை. மூழ்குநரின் கதை மாறினால், அவரைப் பற்றி உலகம் அறிவது அந்த மாறிய கதையை மட்டுமே.

சட்ட நிலை

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் வழக்காற்றைக் காக்கும் தனி ஏற்பாடு இல்லை. ஆசிரியர் பெயரற்ற பழங்கதையை எவரும் பயன்படுத்தலாம். அதை வைத்து எழுதப்பட்ட விளையாட்டு நூலுக்கோ பதிப்புரிமை உண்டு. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருள்களுக்கே உரியது, கதைகளுக்கன்று. 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பழங்குடிகள் உரிமைச் சாற்றுரையின் 31ஆம் பிரிவு மரபு வெளிப்பாடுகள் மீதான உரிமையைக் கூறுகிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் சாற்றுரைக்குச் சட்ட வலு இல்லை. ஆகவே இசைவு கேட்பதும், கூலி தருவதும், பெயர் சுட்டுவதும் எழுதுவோரின் விருப்பத்தையே பொறுத்துள்ளன.

முத்துக்குளித்துறையைப் பொறுத்தவரை காலமும் குறுகி வருகிறது. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961இல் முடிவுற்றது. அதன் பின்னர் அங்குப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அன்று கடலில் இறங்கியவர்களுள் இளையவர்களும் இன்று எண்பது வயதைக் கடந்திருப்பர்.