கடுக்கனும் கரண்டியும்

ஆணின் இயல்பு இது, பெண்ணின் இயல்பு இது என்று நாம் நாள்தோறும் பேசுகின்றோம். நீர் பள்ளத்தை நோக்கி ஓடும், நெருப்புச் சுடும் என்பனவற்றைச் சொல்வது போலவே இவற்றையும் ஐயமின்றிச் சொல்கின்றோம். மகப்பேறும் பாலூட்டலும் உடலைச் சார்ந்தவை. அவற்றை மறுப்பார் இல்லை. ஆயின், இயல்பு என்று நாம் கூறுவனவற்றுள் உடலோடு பிறந்தவை எத்தனை? ஊரார் வகுத்தவை எத்தனை? இவ்வினாவுக்கு வரலாறு ஒரு நல்ல உரைகல். காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறி வந்திருக்கும் ஒன்றை இயற்கையின் கட்டளை என்று கொள்வதற்கில்லை.

முதற்கண் தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காண்மின்! ஆடவர், மகளிர் என்னும் இருபாலார் உருவங்களிலும் காதணியும் கழுத்தணியும் தோள்வளையும் பொலிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் தமிழ்நாட்டு ஆடவர் பலர் காதில் கடுக்கன் அணிந்தனர். தலையில் குடுமி வைத்திருந்தனர். குடுமியைக் களைந்து ‘கிராப்பு’ வைத்துக்கொள்வது மரபை மீறும் செயலாகக் கருதப்பட்டது. கணித மேதை இராமானுஜன், 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன்னர்த் தம் குடுமியை இழக்க நேர்ந்தது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் எல்லாம் தலைகீழாயின. நீண்ட கூந்தலும் காதணியும் பெண்ணுக்கே உரியவை என்றாயின. இன்று காதில் வளையம் அணிந்து வரும் இளைஞனை நோக்கி, “ஆண்பிள்ளைக்கு இது என்ன கோலம்?” என்று கேட்கும் பெரியவர், தம் பாட்டனாரையும் சேர்த்தே கடிந்துகொள்கின்றார்.

தோற்றம் கிடக்கட்டும், குணங்கள் மாறாதவை அல்லவோ என்று கேட்கலாம். தொல்காப்பியம் அச்சம், நாணம், மடம் என்னும் மூன்றைப் பெண்பாலுக்கு உரியனவாகக் கூறுகின்றது. பிற்காலத்தார் பயிர்ப்பு என்பதையும் சேர்த்து நாற்குணம் ஆக்கினர். உடலோடு பிறந்த குணங்களாயின் மூன்று எங்ஙனம் நான்காகும்? சமுதாயம் தான் விரும்பிய ஒழுக்கத்தைப் பெண்ணின் இயல்பாக எழுதிவைத்தது என்பதே பொருந்தும்.

இதற்கு நாடக மேடையும் சான்று பகர்கின்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆடவரே ஏற்றனர். அவர்களுள் ரங்கவடிவேலு என்பார் பெரும் புகழ் பெற்றார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தோற்றுவித்த பாலர் சபையில் சிறுவர்களே நாயகியராக வந்தனர். அச்சபையில் பயின்ற டி. கே. சண்முகம், பிற்காலத்தில் ஔவையார் வேடத்தில் நடித்து, ஔவை சண்முகம் என்றே வழங்கப்பெற்றார். நாணித் தலைகுனிதல், மெல்ல நடத்தல், குரலைத் தாழ்த்திப் பேசுதல் ஆகியவற்றைச் சிறுவர்கள் ஒத்திகையில் கற்றனர்; காண்போர் மெய்ம்மறந்தனர். மேடையில் அவர்கள் சில மாதங்களில் கற்றதை, வீட்டில் ஒரு சிறுமி பத்து ஆண்டுகள் கற்கின்றாள். “உரக்கச் சிரிக்காதே, கால்மேல் கால் போடாதே” என்று தாயும் பாட்டியும் அவளுக்கு இடைவிடாது பாடம் நடத்துகின்றனர். “அழாதே, நீ ஆண்பிள்ளை” என்று அவள் தம்பிக்கும் அங்கேயே பாடம் நடக்கின்றது. கற்பிக்கத் தேவையில்லாதது இயற்கையாயின், இத்தனை பாடம் எதற்கு?

இனித் தொழிலைப் பார்ப்போம். காஞ்சிபுரத்தில் தறியில் அமர்ந்து பட்டு நெய்தல் மரபாக ஆடவர் தொழில். அசாமிலோ தறி மரபாகப் பெண்களின் கைக்கு உரியது. தறிக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு தெரியாது. சமையலின் கதை இதனினும் வியப்பானது. அடுப்பங்கரை பெண்ணுக்கே உரியது என்போம். ஆயின், கைதேர்ந்த சமையலைப் புகழ நளபாகம் என்கின்றோம், நளன் ஆடவன். விராடன் அரண்மனையில் மடைத்தொழில் புரிந்தவன் வீமன். கோயில் மடைப்பள்ளியிலும் கலியாணப் பந்தலிலும் கரண்டி பிடித்தோர் பெரும்பாலும் ஆடவரே. அரிசி அதுவே, அடுப்பும் அதுவே. ஊதியமும் பெருமையும் உள்ள இடத்தில் அது ஆண்மகனின் தொழிற்றிறம். அவை இல்லாத வீட்டில் அது பெண்ணின் இயல்பு!

நேயர்களே, இங்குதான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். இயல்பு என்னும் சொல் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. அது பள்ளியின் கதவையும் சொத்தின் பத்திரத்தையும் தன் கையில் வைத்திருந்தது. பெண்ணுக்கு ஏட்டுக்கல்வி ஒவ்வாது என்ற நாட்டில், 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்த ஆடவர் நூற்றுக்கு 27 பேர். மகளிரோ 9 பேர்கூட இல்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குச் சென்று அதன் துணைத் தலைவரும் ஆனார். அவருக்குக் கதவு திறந்தது. திறவாத கதவுகளின் முன்னே திரும்பிச் சென்ற சிறுமியரை யார் எண்ணி வைத்தார்? குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், இந்திய நாடு முழுமைக்கும் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ தலைமுறைப் பெண்கள், அவ்வுரிமை தமக்கு இல்லாததையும் உலக இயற்கை என்றே எண்ணி வாழ்ந்து மறைந்தனர்.

சட்டம் திருந்திவிட்டது, வழக்கம் இன்னும் முற்றும் திருந்தவில்லை. உண்ட தட்டை அண்ணன் அப்படியே வைத்துவிட்டு எழுகின்றான். அதைத் தங்கை எடுத்துக் கழுவுகின்றாள். தேர்வு இருவருக்கும் மறுநாள்தான். “பெண் என்றால் அப்படித்தான்” என்று வீட்டில் எவரேனும் சொன்னால், பெற்றோரும் ஆசிரியரும் பணிவோடு ஒரு வினாவை எழுப்புக: எந்த ஊரில், எந்த ஆண்டு முதல்? அவ்வினாவைக் கேட்ட பின், அந்த மகனிடம் தட்டைக் கழுவச் சொல்லுங்கள். தங்கைக்குப் படிக்க அரைமணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.