அச்சாணி தேய்ந்த கீல்

நண்பர் பழைய 22 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தார். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் அதில் முதல்முறை போனபோது அலை புரட்டும் ஒவ்வொரு தடவையும் காலடியில் ‘டொக், டொக்’ என்று சத்தம். யாரோ கீழிருந்து கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

அடிவயிற்றில் தொங்கும் இரும்புக் கீல்தான் தட்டியது. நம் மீனவர்கள் ஏரா என்பார்கள். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நண்டு மாதிரி நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. எடையுள்ளதாக இருந்தால் சாயும் படகை நிமிர்த்தவும் செய்யும். ஆழமாக இருக்க இருக்க நல்லது. ஆனால் ஆழமான கீலோடு முகத்துவாரத்துச் சேற்றுக்குள் போக முடியாதே!

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஷாங்க் ஒருவர். 1774இல் பாஸ்டனில், மேலும் கீழும் இழுக்கக்கூடிய கீல் வைத்து ஒரு சிறு படகு கட்டினார். அதே யோசனையில் 1798இல் 60 டன் ‘லேடி நெல்சன்’ உருவானது. மூன்று நகரும் கீல்கள். ஜேம்ஸ் கிராண்ட் அதை ஓட்டிக்கொண்டு பாஸ் நீரிணை வழியாக 1800 டிசம்பரில் சிட்னி சேர்ந்தார். கடல்மட்டத்துக்கு மேல் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் ‘மாட்சிமை பொருந்திய மன்னரின் தீப்பெட்டி’ என்று கேலி செய்தார்களாம்.

கரையை ஒட்டி அளக்க இதைவிடப் பொருத்தமான கப்பல் இருக்காது என்று 1802இல் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் தன் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலுக்குத் துணையாக அழைத்துப்போனார். குயின்ஸ்லாந்துக் கரையில் அடிபட்டுக் கீல்கள் சேதமாயின. கீல் இல்லாமல் காற்றை எதிர்த்து ஏற முடியவில்லை. உதவிக்கு வந்தது பாரமாகிவிட்டது. அக்டோபரில் ஃபிளிண்டர்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார். காடிகல் மக்களைச் சேர்ந்த நன்பரியும் ஊர் திரும்ப விரும்பி அதில் ஏறிக்கொண்டார். ஃபிளிண்டர்ஸ் கண்டம் சுற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். ஒடிந்த கீலோடு திரும்பிய கதைதான் எனக்குப் பிடிக்கிறது.

ஷாங்கின் கீல் நேராக மேலும் கீழும்தான் போகும். தரையில் இடித்தால் பின்வாங்க இடமில்லை, ஒடியும். 1811இல் நியூஜெர்சியின் ஸ்வெய்ன் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற பலகை ஓர் அச்சாணியில் சுழன்றது. இடித்தால் தானே மேலே மடங்கும். எளிய யோசனை. ஆனால் பாரம் முழுக்க அந்த ஒரே ஆணியின் மேல்!

அதன் வழிவந்ததுதான் ஃபிராங்க் பட்லரின் கேட்டலினா 22. அதன் சுழலும் கீல் 550 பவுண்டு வார்ப்பிரும்பு. இறக்கினால் 5 அடி ஆழம், ஏற்றினால் 2 அடி. டிரெய்லரில் வைத்துக் காரின் பின்னால் இழுத்துப் போகலாம். நடுத்தரக் குடும்பத்துக்கும் பாய்மரப் படகு வாய்த்தது இப்படித்தான்.

எங்கள் படகைத் தூக்கி நிறுத்தினோம். கீலுக்கு அடியில் கட்டை அடுக்கிப் பாரத்தை அதன்மேல் இறக்கிய பிறகே ஆணியைத் தொட்டோம். கால் டன் இரும்பு, கை போனால் போனதுதான். ஆணியின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. வட்டமான துளை முட்டை வடிவமாகியிருந்தது. ஃபிட்டர் அண்ணன் விரலைவிட்டுப் பார்த்தார்.

“ஆணி மட்டும் மாத்துனா பத்தாது தம்பி. ஓட்டைய பெருசாக்கி புஷ் அடிக்கணும். அந்தக் கேபிளயும் பாரு, நாலு இழை அறுந்து நிக்குது.”

எனக்குக் குளிர்ந்துவிட்டது. கேபிள் அறுந்தால் தூக்கி வைத்த கீல் மொத்தமாக விழுந்து, படகின் அடியைப் பிளந்துவிடும். நாங்கள் சத்தத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

துருவைக் கிரைண்டரில் தேய்த்து, எபோக்சி பூசி, புஷ் அடித்து, புது ஆணி, புது கேபிள். மூன்று வார இறுதிகள் போயின. இப்போது டொக் டொக் இல்லை. வேகம் பிடித்தால் கேபிள் மட்டும் ‘ம்ம்ம்’ என்று முனகும். அது இந்த வகைப் படகுகளின் சுபாவம், விட்டுவிட்டோம்.