பட்டாசு வட்டாரத்தில் காவலும் மீட்பும்: சிவகாசிப் பகுதியின் வரலாற்றுப் படிப்பினை

முன்னுரை

நாட்டின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பங்கு விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலிருந்து வருகிறது. மானாவாரி நிலமும் அடிக்கடி பொய்க்கும் மழையும் கொண்ட இந்தக் கரிசல் பூமிக்கு இத்தொழில் சோறு போட்டது. அதற்கு ஈடாகப் பல உயிர்களையும் வாங்கிக்கொண்டது. இத்தகைய பகுதியில் காவல்துறையும் தீயணைப்பு, மருத்துவ மீட்புச் சேவைகளும் எவ்வாறு உருவாயின, யாருக்கு என்ன பொறுப்பு வகுக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கே நடவடிக்கை பெரும்பாலும் ஒரு பேரிடருக்குப் பிறகே வலுப்பெற்றது என்பதும், விபத்து நடந்த முதல் சில நிமிடங்களுக்கான ஏற்பாடு இன்றும் குறைவாகவே உள்ளது என்பதும் இதன் முடிவு.

கலகம் அமைத்த காவல்

சென்னை மாகாணத்தின் காவல் அமைப்பு 1859ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டத்தின் வழியே வடிவம் பெற்றது. கொள்ளையை ஒடுக்குவதும் கலகத்தை அடக்குவதும் அதன் முதன்மை நோக்கங்கள். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சிவகாசியில் 1899 ஜூன் 6 அன்று பெருங்கலவரம் மூண்டது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டிச் சாதிகளுக்கிடையே எழுந்த அந்த மோதலில் நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. அதன்பின் கூடுதல் காவல் படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு வட்டார மக்கள் மீது வரியாக விதிக்கப்பட்டது. சாதி மோதலைத் தடுப்பதே காவல் நிலையத்தின் தலையாய வேலை என்ற பார்வை இப்பகுதியில் அப்போதே வேரூன்றிவிட்டது.

தொழில் வளர்ந்த திசையோ வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபின், 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டி ஆலைகள் தோன்றின. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமம் பெறும் முறையை வகுத்தன. அதையொட்டிப் பெரிய பட்டாசு ஆலைகள் எழுந்தன. எரியும் பொருளோடு வாழும் ஊராகச் சிவகாசி மாறியது. காவல் நிலையங்களின் அமைப்பு அந்த மாற்றத்துக்கு ஏற்ப மாறவில்லை.

உரிமம் ஓரிடம், பொறுப்பு வேறிடம்

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்குவது பல படிகளாகப் பிரிந்துள்ளது. ஒரே நேரத்தில் 15 கிலோ வரை வெடிமருந்து வைத்திருக்க மாவட்ட நிர்வாகம் உரிமம் தருகிறது. 'டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ்' என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 500 கிலோ வரை மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் சென்னை அலுவலகமும், அதற்கு மேல் நாக்பூரிலுள்ள தலைமை அலுவலகமும் உரிமம் வழங்குகின்றன. தொழிலாளர் பாதுகாப்பு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் வழியே தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பில் வந்தது. ஒரு ஆலையை நான்கைந்து துறைகள் பார்க்கின்றன. முழுப் பொறுப்பு ஏற்கும் துறை எதுவுமில்லை.

நிர்வாகத் தொலைவும் இதற்குத் துணைபோனது. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்துடன் சிவகாசி இணைக்கப்பட்டது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இயங்கியது. 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு காமராசர் மாவட்டம் பிரிந்த பிறகே ஆட்சி நிர்வாகம் அருகில் வந்தது. உள்ளூர்க் காவல் நிலையத்தின் பங்கு பெரும்பாலும் விபத்துக்குப் பிந்தையது: சடலங்களை மீட்டு, வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவில் வழக்குப் பதிந்து, உரிமையாளரையும் போர்மேனையும் தேடிச் செல்வது. உரிமம் பெற்றவர் ஒருவர், ஆலையை நடத்துபவர் வேறொருவர் என்னும் உள்குத்தகை முறை புலனாய்வை மேலும் சிக்கலாக்குகிறது.

தீயணைப்புப் பயிற்சியும் வெடிமருந்தின் இயல்பும்

சென்னையில் 1908இல் தொடங்கிய தீயணைப்புப் படை பின்னர் மாநிலமெங்கும் விரிந்து, 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டத்தால் தனிச்சட்ட வலிமை பெற்றது. 1991இல் அமைந்த தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகியோரைப் பொதுத்தேர்வின் வழியே தேர்ந்தெடுக்கிறது. கூரைவீட்டுத் தீயும் கிணற்றில் விழுந்தவரை மீட்பதும் ஒரு நிலைய வீரருக்கு அன்றாட வேலை. வெம்பக்கோட்டையில் பணிபுரிபவருக்கோ கூடுதல் அறிவு தேவை. எரியும் அலுமினியப் பொடி மீது தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு வெளிப்பட்டு நிலைமை மோசமாகலாம். அடுத்த அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே நுழைவது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல விபத்துகளில் வெடித்து ஓயும்வரை வீரர்கள் தொலைவில் காத்து நிற்க நேர்கிறது.

முதலிப்பட்டி கற்பித்தது

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 40 பேர் வரை இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் திரண்டு நின்றவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினர். பட்டாசு வட்டாரத்தில் கூட்டத்தை விலக்கி நிறுத்துவதே முதல் மீட்புப் பணி என்பதை அந்த நாள் காட்டியது. தீக்காயமடைந்தவர்கள் சிவகாசியைத் தாண்டி மதுரை இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2008இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை பயணத்தை விரைவாக்கியது. ஆனால் தொலைவைக் குறைக்க அதனால் இயலாது.

2016 அக்டோபரில் சிவகாசிப் பட்டாசுக் கிடங்கில் பற்றிய தீயின் புகை, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து அங்கிருந்தவர்களின் உயிரையும் பறித்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. அதன் பிறகும் 2023இல் ரெங்கபாளையத்திலும் 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துகளில் உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் கூட்டு ஆய்வுக் குழுக்கள் புறப்படுகின்றன, உரிமங்கள் நிறுத்தப்படுகின்றன. சில மாதங்களில் வேகம் தணிந்துவிடுகிறது.

முடிவுரை

நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றிலிருந்து மூன்று தேவைகள் தெளிவாகின்றன. முதலாவது, காவல், தீயணைப்பு நிலையங்களின் ஆள்பலத்தைக் கணக்கிடும்போது மக்கள்தொகை, வழக்கு எண்ணிக்கை ஆகியவற்றோடு எல்லைக்குள் உள்ள ஆலைகளையும் வெடிமருந்தின் அளவையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, இங்கு மாற்றலாகி வரும் ஒவ்வொரு காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் வெடிமருந்துகளின் இயல்பு பற்றிய பயிற்சி கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு ஆலையின் அறை வரைபடமும் மருந்து இருப்பும் அருகிலுள்ள நிலையத்தின் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, முதலில் ஓடிவரும் கிராமத்து மக்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் எப்போது நெருங்குவது, எப்போது விலகி நிற்பது என்று கற்றுத்தர வேண்டும்.

விபத்துக்குப் பின் நிவாரணம் அறிவிப்பதில் அரசு காட்டும் விரைவு, விபத்துக்கு முன் ஆளும் பயிற்சியும் தருவதில் இருந்தால் இறப்புகளில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். இந்தக் கடமையை அடுத்த விபத்துவரை தள்ளிப்போடக் கூடாது.