ஈர்வாளும் அதனை இயக்கும் விசையும்

மரத்தை அறுக்குங் கருவிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஈர்வாள் என்பதாம். ஈர்தல் என்பது அறுத்தல். போர்க்களத்தில் உயிரை ஈரும் வாள் வேறு. கதவும் நிலையும் சமைத்தற்பொருட்டு மரத்தை ஈரும் வாள் வேறு. பின்னதையே நம் தச்சர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையிற் கொண்டனர். அவ்வாளின் பல் செய்யுந் தொழில் இன்றளவும் மாறவில்லை; அதனை இயக்கும் விசையே காலந்தோறும் மாறிவந்தது. இவ்வேறுபாட்டை உணராவிடின், மோட்டார் வலியிழந்ததென்று நல்ல பழம்பொறியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ள நேரும். அன்றேல், அளவறியாது புது மோட்டாரைப் பூட்டிக் கைவிரலை இழக்க நேரும். ஆதலின் இவ்விசையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஆதியில் விசையாவது மனிதன் தோளே. பெருமரத்தைக் குழியின்மேற் கிடத்தி, ஒருவன் மேலும் ஒருவன் கீழுமாக நின்று வாளை இழுத்தறுப்பர். 1777-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுச் சாமுவேல் மில்லர் என்பார் வட்டவடிவான வாளைக் குறிப்பிடும் அறுக்கும்பொறி ஒன்றிற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். பின்னர் நீராவி வந்தது. ஆலையின் கூரையடியில் ஒரு நெடிய அச்சு சுழல, அதினின்றும் தொங்கிய தோல்வார்கள் கீழிருந்த பல பொறிகளையும் சுழற்றின. 1888-இல் டெஸ்லா மாறுமின்னோட்ட மோட்டாருக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். மறு ஆண்டே தொலிவோ தொப்ரொவோல்ஸ்கி மும்முனை மோட்டாரை உருவாக்கினார். அதன்பின் பொறி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மோட்டாரைப் பெறுதல் எளிதாயிற்று. நெடிய அச்சு நீங்கியது. ஆயினும் வாரும் கப்பியும் நீங்கவில்லை. பழைய ரம்ப மேஜைகள் பலவற்றில் மோட்டார் தனியே நின்று வாரால் வாளைச் சுழற்றுதற்குக் காரணம் இதுவே. விசையை மாற்றிக்கொள்ளுதற்கு இடந்தந்தே அப்பொறிகள் பிறந்தன என்க.

நம் சென்னை மாநகரம் மின்மோட்டாரின் வன்மையை முதன்முதல் வீதியிலே கண்டது. 1895-இல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் மயிலாப்பூர்வரை சென்ற அவ்வண்டிகள் 1953-இல் நின்றன. 1920-களில் லாங் டாங்க் என வழங்கிய நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தனர். வீடுதோறும் கதவுக்கும் சன்னலுக்கும் மரவேலை பெருகிற்று. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. 1937-இல் கோயம்புத்தூரில் நம் நாட்டிலேயே செய்த மோட்டார் வெளிவந்தது, ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு என்போர் பெயர்கள் அம்முயற்சியோடு இணைந்துள்ளன. 1947-இல் சென்னை மின்வழங்கு கம்பெனியை அரசாங்கம் ஏற்றது. கடல்கடந்து வந்தாலன்றி மோட்டார் இல்லை என்ற நிலை இவ்வாறு மாறியது.

இனி, இவ்வரலாறு இன்றைய பட்டறைக்குத் தரும் பாடத்தைக் காண்போம். மயிலையிலோ அடையாற்றிலோ ஒருவரிடம் வார்ப்பிரும்பாலான பழைய ரம்ப மேஜை உள்ளதெனக் கொள்வோம். முக்கால் குதிரைத்திறன் மோட்டார் மெல்லிய பலகைக்குப் போதும். இரண்டங்குலத் தேக்கைத் தள்ளினால் வாள் தயங்கும், மரம் கருகும், மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, முடிவிற் சுருளும் எரியும். பத்தங்குல வாள் முழு ஆழத்தில் வன்மரத்தை அறுக்க 3 குதிரைத்திறன் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் வழக்கு.

ஆயினும் மோட்டாரைக் குறைகூறுமுன் வாளின் கூர்மையையும், வாரின் இறுக்கத்தையும், மின்கம்பியின் பருமனையும் நோக்குக. மெல்லிய நீண்ட கம்பியால் 230 வோல்ட்டு 207 ஆகக் குறைந்தால், மோட்டாரின் முறுக்குவிசை நூற்றுக்கு 81 பங்காகத் தாழும். நோய் கம்பியிலிருக்க, மருந்தை மோட்டாருக்குக் கொடுத்து யாது பயன்?

மாற்றுவதே தக்கதெனத் தெளிந்தால், திறனைமட்டும் கேட்டு வாங்கற்க, வேகத்தையும் கேட்க. அமெரிக்காவினின்றும் வந்த பழம்பொறிகள் நொடிக்கு 60 சுற்று மின்னோட்டத்திற்கு அமைந்தவை. அவற்றுட் பலவற்றின் மோட்டார் நிமிடத்திற்கு 1725 முறை சுழலும். நம் நாட்டு மின்னோட்டம் 50 சுற்றே. இங்கு அவ்வகை மோட்டாரின் வேகம் 1440 அளவினது. ஆகவே பழைய வாள்வேகம் வேண்டுமாயின் மோட்டார்க் கப்பியின் விட்டத்தை ஐந்துக்கு ஆறாகப் பெருக்குதல் வேண்டும். 1440 வேக மோட்டார் இருந்த இடத்தில் 2880 வேகத்தை வைத்துக் கப்பியை மாற்றாது விட்டாலோ, வாளின் வேகம் இருமடங்காகும். முன்பு 2880 முறை சுழன்ற 14 அங்குல வாளின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 54 மீட்டர் சென்றது. இப்போது 107 மீட்டர் செல்லும். வாளின்மேற் பொறித்துள்ள உச்ச வேகத்தைக் கடந்தால் பல் தெறித்து உயிருக்கே இடராகும்.

ஒருமுனை மின்சாரத்தில் 3 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும்போது அதனினும் பன்மடங்கு இழுக்கும். அதற்குத்தக்க கம்பியும், தனி விசைமாற்றியும், மிகுபாரத்தில் தானே அணைக்குங் காப்பும், மின்வாரியத்தின் இசைவும் வேண்டும். மோட்டார் வலிதாயின் மரத்தை எறியும் வலியும் மிகும். வலிகுறைந்த மோட்டார் மரம் வாளைப் பற்றியவுடன் நின்றுவிடும். வலிய மோட்டார் நில்லாது கட்டையைத் தள்ளுவோன்மேல் வீசும். ஆதலின் வாளின் பின்னிற்குந் தகடும், மேல்மூடியும், தள்ளுகட்டையும் இன்றிப் புது மோட்டாரை ஓட்டாதிருப்பதே அறிவு.

தோள் போய் நீராவி வந்தது; நீராவி போய் மின்சாரம் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மாற்றத்தால் வாழ்ந்தவர், புதிய விசையின் அளவை அறிந்து அதற்கேற்பப் பழைய கருவியைத் திருத்தியவரே. கோல்பிடித்து அளந்து உளியோட்டும் நம்மவர்க்கு அளத்தல் புதிதன்று. மரத்தை அளக்கும் அக்கோலால் கப்பியையும் அளக்கக் கற்பாராயின், பழம்பொறி இன்னுமொரு தலைமுறைக்குச் சோறிடும். அதன்முன் நிற்கும் இளைஞரின் பத்து விரலும் பத்தாகவே இருக்கும்.