உருகும் சீஸ், உருகாத சீஸ்: வாங்குமுன் அறியவேண்டியவை

பரோட்டாக் கடையில் சீஸ் பரோட்டா, உணவகத்தில் சீஸ் நான், பிள்ளைகளின் உணவுப் பெட்டியில் சீஸ் வைத்த ரொட்டி எனச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் அன்றாட உணவில் சீஸ் இடம்பிடித்துவிட்டது. பாலில் செய்யப்படுவதால் எல்லா சீஸும் சைவம்தான் என்று நினைப்போர் உண்டு. ஆனால், அது எப்போதும் உண்மையன்று.

தமிழில் இதற்குப் ‘பாலாடைக்கட்டி’ என்று பெயர். ஆயினும், காய்ச்சிய பாலின்மேல் படியும் ஆடைக்கும் சீஸுக்கும் தொடர்பில்லை. பாலைத் திரியவைத்து, நீரை வடித்து, எஞ்சும் திரளைக் கட்டியாக்கினால் கிடைப்பதே சீஸ். பாலைத் திரியவைப்பது எது என்று தெரிந்துகொண்டால் இரண்டு கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அந்த சீஸ் சூட்டில் உருகுமா? சைவ உணவினர் அதை உண்ணலாமா?

புளிப்பால் திரிபவை

கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்தால் பால் திரியும். வடித்து அழுத்தினால் பனீர். சூடும் புளிப்பும் சேர்ந்து பாலின் புரதத்தை இறுக்கிவிடுவதால் பனீர் உருகாது. அதனால்தான் குழம்பில் போட்டாலும் துண்டு துண்டாகவே இருக்கிறது. இலேசாக வறுத்து, வெதுவெதுப்பான உப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் ரப்பர்போல் ஆகாமல் மென்மையாக இருக்கும்.

இத்தாலியின் ரிக்கோட்டாவும் உருகாத வகையே. தேன், பழத்துண்டுகளுடன் ரொட்டியில் தடவி உண்ணலாம். மரபு முறையில் இது வேறொரு சீஸ் செய்தபின் எஞ்சும் நீரைச் சூடாக்கிச் செய்யப்படுகிறது. எனவே, கண்டிப்பான சைவ உணவினர் பொட்டலத்தில் உள்ள குறிப்பைப் பார்த்து வாங்குவது நல்லது.

நொதியால் உறைபவை

செடார், மொஸரெல்லா, கௌடா போன்றவை ‘ரென்னெட்’ என்ற நொதியால் உறையவைக்கப்படுகின்றன. இதில் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. சூடு பட்டால் அந்த வலை தளர்ந்து சீஸ் உருகுகிறது.

மொஸரெல்லாவின் திரளை வெந்நீரில் இட்டு இழுத்துப் பிசைவதால் அது நூல்போல நீள்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரைக் கொண்ட செடார், நாள்பட நாள்படக் காரசாரமான சுவை பெறும். வீட்டில் சீஸ் பரோட்டாவோ தோசையோ செய்வோர் இரண்டையும் துருவிக் கலந்து தூவலாம். நீள்வதற்கு மொஸரெல்லா, சுவைக்குச் செடார். அடுப்பை இளந்தீயில் வைக்கவேண்டும். சூடு மிகுந்தால் கொழுப்பு தனியே பிரிந்து எண்ணெய் மிதக்கும்.

நெதர்லாந்தின் கௌடா ஓராண்டுக்குமேல் முதிர்ந்தால் பல்லில் நறநறக்கும் வெண்புள்ளிகள் தோன்றும். அவை உப்பல்ல, புரதம் சிதைவதால் உருவாகும் அமினோ அமிலத் துகள்கள். இத்தகைய சீஸைச் சமைக்காமல் ஆப்பிள், பேரிக்காய்த் துண்டுகளுடன் உண்பதே சிறப்பு.

நொதியால் உறைந்தாலும் உருகாதவை உண்டு. சைப்ரஸ் நாட்டின் ஹலூமி, வடித்த நீரிலேயே மீண்டும் வேகவைக்கப்படுவதால் உறுதியாகிவிடுகிறது. எண்ணெயின்றித் தோசைக்கல்லில் இருபுறமும் பொன்னிறமாகச் சுட்டு, தர்பூசணித் துண்டுகளுடன் உண்ணலாம். கிரேக்க நாட்டின் ஃபெட்டா, செம்மறியாட்டுப் பாலில் செய்து உப்பு நீரில் ஊறவைக்கப்படுவது. வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தின்மீது உதிர்த்துப் போட்டால் வேறு உப்பு தேவைப்படாது.

சைவமா, ஹலாலா?

மரபு முறை ரென்னெட், பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. கன்றைக் கொன்றபின்தான் அதை எடுக்கமுடியும். சைவ உணவினர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே.

இத்தாலியின் பார்மா, ரெஜியோ எமிலியா வட்டாரங்களில் உருவாகும் பார்மிஜானோ ரெஜியானோ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் தேவை. குறைந்தது 12 மாதங்கள் முதிரவேண்டும். பால், உப்பு, கன்றின் ரென்னெட் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அதன் தயாரிப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே, காய்கறி பாஸ்தாவின்மேல் இதைத் தூவினால் அந்த உணவு சைவமன்று.

மாற்று வழிகளும் உள்ளன. பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் ரென்னெட் ஒன்று. கன்றின் நொதியையே நுண்ணுயிர்களைக்கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிப்பது மற்றொன்று. இரண்டாவது முறைக்கு அமெரிக்கா 1990ல் ஒப்புதல் அளித்தது. இன்று கடைகளில் கிடைக்கும் செடார் வகைகள் பலவும் இவ்வாறு தயாராகின்றன.

பொட்டலத்தில் ‘மைக்ரோபியல் ரென்னெட்’ அல்லது ‘வெஜிடேரியன்’ என்று இருந்தால் சைவ உணவினர் வாங்கலாம். ‘ரென்னெட்’, ‘என்ஸைம்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது எதிலிருந்து வந்தது என்பது தெரியாது. முஸ்லிம்கள் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

யாருக்குக் கவனம் தேவை?

பிரீ, கமம்பேர் போன்ற மென்மையான வெண்பூஞ்சை சீஸ்களையும் நீலப்பூஞ்சை சீஸ்களையும் கர்ப்பிணிகள் அப்படியே உண்பதைத் தவிர்க்கவேண்டும். அவற்றில் லிஸ்டீரியா கிருமி வளரக்கூடும். அது வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். ஆவி பறக்கச் சூடாக்கிச் சமைத்தால் கிருமி மடியும். காய்ச்சாத பாலில் செய்த சீஸையும் அவர்கள் தவிர்ப்பது நல்லது.

பால் குடித்தால் வயிறு உப்புவோருக்கு நன்கு முதிர்ந்த செடார், கௌடா போன்றவை ஒத்துக்கொள்ளக்கூடும். முதிரும்போது அவற்றில் பாற்சர்க்கரை மிகவும் குறைந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பைக் கவனிக்கவேண்டும். பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ளவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஹலூமி, ஃபெட்டா இரண்டிலும் உப்பு அதிகம். ஃபெட்டாவைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் உப்பு ஓரளவு குறையும்.

பாதுகாக்கும் முறை

சமைக்காமல் உண்ணும் சீஸை அரை மணி நேரத்திற்குமுன் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் மணமும் சுவையும் கூடும். சிங்கப்பூர் வெப்பத்தில் அதற்குமேல் வெளியே வைக்கத் தேவையில்லை. பல வகைகளைச் சேர்த்துப் பரிமாறினால் மென்சுவை சீஸில் தொடங்கி நீலப்பூஞ்சை வகையில் முடிக்கவேண்டும்.

மீதமுள்ளதைப் பேக்கிங் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். கெட்டி சீஸில் பூஞ்சை தென்பட்டால் அதைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டியெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். மென்மையான சீஸிலும் துருவிய சீஸிலும் தேவையற்ற பூஞ்சை வந்தால் முழுவதையும் எறிந்துவிடவேண்டும்.

வெளியே உண்ணும்போது பொட்டலத்தைப் பார்க்க வழியில்லை. சைவ உணவினர் பாஸ்தா, பீட்சா கேட்கும்போது, எந்த சீஸ் சேர்க்கப்படுகிறது என்று உணவக ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மேலே தூவும் சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடவும் செய்யலாம்.