உப்புக்குள் எரிந்த தீப்பந்தங்கள்

தோழர்களே, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். இதில் உப்பிட்டவர் யார்? சோறு போட்ட எசமான். உப்பை வெட்டியவரோ, பாத்தியில் நின்று வாரியவரோ இல்லை. நன்றியை மேல்நோக்கியே செலுத்தப் பழக்கியிருக்கிறார்கள். போலந்தில் கிராகோவ் நகருக்கு அருகிலுள்ள வியலிச்கா உப்புச் சுரங்கத்தைப் பற்றி இந்த நினைவுக் கூட்டத்தில் பேச இதுவே காரணம்.

13ஆம் நூற்றாண்டு முதல் 1996 வரை அங்கே உப்பு எடுத்தார்கள். ஒன்பது தளங்கள், ஆழம் 327 மீட்டர். மூன்றாம் காசிமிர் மன்னர் காலத்தில் அரச கருவூலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்து வந்தது. 1364இல் அவர் தொடங்கிய கிராகோவ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் வியலிச்கா வருமானத்திலிருந்தே ஒதுக்கப்பட்டது. மாணவத் தோழர்கள் இதைக் கவனியுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த கோப்பர்நிக்கசுக்குச் சுரங்கத்துக்குள் உப்பிலேயே சிலை இருக்கிறது.

சுரங்கம் எப்படிக் கிடைத்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஹங்கேரி இளவரசி கிங்கா தன் நாட்டில் வீசிய மோதிரம், போலந்தில் வெட்டிய முதல் உப்புக்கட்டிக்குள் இருந்ததாம். உள்ளே இருக்கும் உப்புச் சிற்பத்தில் தொழிலாளி மண்டியிட்டு அதை இளவரசியிடம் நீட்டுகிறார். தோண்டியவர் அவர், கண்டுபிடித்த பெருமை அவளுக்கு! ஆனால் கிங்காவின் பெயரில் 101 மீட்டர் ஆழத்தில் உள்ள தேவாலயத்தை 1896இல் குடையத் தொடங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். யூசெஃப் மார்கோவ்ஸ்கி, அவர் தம்பி தோமாஷ், பின்னர் அந்தோனி விரோதெக் என்று அவர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. இது சிறிய விஷயம் அல்ல.

என்னை அதிகம் நிறுத்தியது 'எரிந்தது' என்று பொருள்படும் பெயருள்ள ஓர் அறை. மீத்தேன் வாயு லேசானது, கூரையடியில் சேரும். அதை எரித்து அகற்ற, ஈரத்துணி போர்த்திய ஆட்கள் நீண்ட கழியில் தீப்பந்தம் ஏந்தித் தரையோடு தவழ்ந்து போவார்கள். வாயு அதிகமாகச் சேர்ந்திருந்தால் வெடிக்கும். இவர்களுக்கு வைத்த பெயர் 'பாவத்துக்குப் பரிகாரம் செய்வோர்'. தவழ்வது தவம்போல் இருந்ததால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்லலாம். சாகத்தக்க வேலைக்கு மதத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துச் சூட்டிவிட்டால் கூலியையும் பாதுகாப்பையும் பற்றிய கேள்வி எழாது என்றே எனக்குப் படுகிறது. மலக்குழியில் வாயு தாக்கிச் சாகிறவர்களின் தொழிலுக்குப் பிறவிக் கணக்கு எழுதிய நாட்டில் இருந்துகொண்டு வேறு எப்படிப் படும்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் நமக்கு 2013இல் வந்தது. மரணங்கள் நிற்கவில்லை.

1951இல் அல்ஃபோன்ஸ் துவுகோஷ் என்ற ஓவியர் முயன்று அமைத்த அருங்காட்சியகத்தில், குதிரைகள் சுற்றிய பிரம்மாண்ட மரச்செக்கு போன்ற பாரந்தூக்கிகள் இருக்கின்றன. கடைசியாக உள்ளே வேலை செய்த குதிரையின் பெயர் பாஷ்கா. 2002இல் வெளியே வந்தது. தீப்பந்தக்காரர்களின் உருவங்களுக்குப் பெயர் இல்லை.

1942 ஆகஸ்டில் வியலிச்காவின் யூதர்களை பெவ்ஷெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள் நாஜிகள். 1944இல் பிளாஷோவ் முகாமிலிருந்து வேறு யூதக் கைதிகளைக் கொண்டுவந்து, சுரங்கத்துக்குள் விமானப் பாகத் தொழிற்சாலை அமைக்க அவர்களை ஏவினார்கள். உப்புக் காற்றில் இயந்திரங்கள் துருவேறின; செஞ்சேனையும் நெருங்கி வந்தது. இயந்திரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கைதிகளை வேறு முகாம்களுக்கு ஓட்டிச் சென்றார்கள்.